ஒரே மெயில்பாக்ஸ், ஏழு பேர்: சர்வர் ஏன் உள்ளே விட மறுக்கிறது?

கேள்வி இது: “பட்டர்வொர்த்தில் கப்பல் சரக்கு ஃபார்வர்டிங் ஆபீஸ். ஆபரேஷன்ஸ் மெயில்பாக்ஸ் ஒன்றுதான். அதை ஏழு பேரும் தண்டர்பேர்ட் மெயில் செயலியில் ஐமேப் போட்டுத் திறந்து வைத்திருக்கிறோம். பாஸும் இன்னும் இரண்டு பேரும் கைப்பேசியிலும் வைத்திருக்கிறார்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் யாராவது இரண்டு பேருக்கு மெயில் திறப்பதில்லை. பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சில நேரம், இந்தப் பயனர் இந்த ஐபியிலிருந்து வைக்கக்கூடிய கனெக்ஷன் வரம்பைத் தாண்டிவிட்டார், வரம்பு 10 என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. நிலையான ஐபி உள்ள பிஸினஸ் லைனுக்கு மாறிய பிறகு தொல்லை அதிகமாகிவிட்டது. ரவுட்டரை ஆஃப் பண்ணிப் போட்டாலும் சரியாவதில்லை. ஹோஸ்டிங்காரர் பெரிய பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா அண்ணே?”

இப்போதைக்கு எடுக்க வேண்டாம், தம்பி. பெரிய பேக்கேஜ் என்றால் பெரும்பாலும் இடம் கூடும், மெயில்பாக்ஸ் எண்ணிக்கை கூடும். நீங்கள் முட்டிக்கொண்டு நிற்கிற வரம்பு அந்த இரண்டிலும் சேராது. அதே சர்வரில் அதே அமைப்போடு இருந்துகொண்டு பேக்கேஜை மட்டும் மாற்றினால், மாதாமாதம் வெள்ளி கூடுதலாகப் போகும், காலை ஒன்பது மணிக்கு அதே கூத்து நடக்கும். கோலாலம்பூரில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் பார்த்துக்கொடுக்கிறவன் நான். இந்தக் கேள்வி என்னிடம் வரும்போதெல்லாம் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை கனெக்ஷன் திறந்திருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். “நாங்கள் ஏழு பேர்தானே, வரம்பு பத்து இருக்கிறதே” என்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது.

உங்கள் திரையில் வந்த அந்த “10” என்ற செய்தியே சர்வரில் ஓடுவது டவ்காட் என்று சொல்லிவிடுகிறது. பின்லாந்துக்காரர் டிமோ சிராய்னன் எழுதி 2002இல் வெளிவந்த மெயில் சர்வர் மென்பொருள் அது. ஹோஸ்டிங் கம்பெனிகள் பலவற்றின் பேனலுக்குப் பின்னால் ஓடுவது இதுதான். அதில் ஒரே பயனர் பெயர், ஒரே ஐபி முகவரி, ஒரே புரோட்டோகால் (ஐமேப், பாப்3 போன்ற மெயில் எடுக்கும் முறை) என்று மூன்றும் ஒத்துப்போகிற கனெக்ஷன்களை ஒரு கட்டாக எண்ணுவார்கள். பத்து வரை விடும், பதினோராவதை மறுத்துவிடும். இது உங்கள் ஆபீஸுக்கென்று யாரோ வைத்த தண்டனை அல்ல. மென்பொருளோடு வருகிற இயல்பு மதிப்பு, அதை யாரும் தொடாமல் விட்டிருக்கிறார்கள்.

ஏழு பேர் எப்படிப் பத்தைத் தாண்டுகிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஐமேப் என்பது மெயிலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு பார்க்கிற முறை. அதில் ஒரு கனெக்ஷன் ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டரைத்தான் திறந்து வைத்திருக்க முடியும். இன்பாக்ஸில் புது மெயில் வந்தவுடன் டிங் என்று சத்தம் வருகிறதே, அதற்கு ஐடில் என்று ஒரு ஏற்பாடு உண்டு. 1997இல் வந்தது. செயலி இன்பாக்ஸைத் திறந்து “ஏதாவது வந்தால் சொல்” என்று சர்வரிடம் சொல்லிவிட்டு அப்படியே காத்திருக்கும். காத்திருக்கிற அந்தக் கனெக்ஷனில் வேறு ஃபோல்டர் வேலை செய்ய வேண்டுமானால் காத்திருப்பை விட வேண்டும். அதனால் நீங்கள் சென்ட் ஃபோல்டரைக் கிளிக் செய்தவுடன் தண்டர்பேர்ட் சத்தமில்லாமல் இரண்டாவது கனெக்ஷனைத் திறக்கிறது. போன வருடத்து டெலிவரி ஆர்டர் ஒன்றைத் தேடிப் பழைய ஃபோல்டருக்குப் போனால் மூன்றாவது. வேலை முடிந்தவுடன் அதை மூடிவிடுவதும் இல்லை, அடுத்த முறை சீக்கிரம் திறக்கட்டும் என்று கையில் வைத்துக்கொள்கிறது. ஒரு கணக்குக்கு இப்படி ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம் என்பது தண்டர்பேர்டின் இயல்பு அமைப்பு.

இப்போது கணக்குப் போடுங்கள். காலையில் கணினியைத் திறந்தவுடன் ஆளுக்கு ஒன்று, ஏழு. ஆபீஸ் வைஃபையில் இருக்கிற மூன்று கைப்பேசிகள் ஆளுக்கு ஒன்று என்றாலும் பத்து ஆகிவிட்டது. எட்டே முக்கால் வரை எல்லாருக்கும் ஓடுகிறது என்றால் இதனால்தான். அதற்குப் பிறகு வேலை சூடு பிடிக்கிறது. ஒருவர் அரைவல் நோட்டீஸ் தேடுகிறார், இன்னொருவர் சுங்கத்துக்குப் போடுகிற கே-1 படிவத்துக்கு வேண்டிய இன்வாய்ஸைத் தேடுகிறார், ஃபோல்டர் ஃபோல்டராகத் திறக்கிறது. எல்லாரும் ஐந்தைத் தொட்டால் கணினிகள் மட்டுமே முப்பத்தைந்து. அவ்வளவு தூரம் போகாது, நடைமுறையில் ஆளுக்கு இரண்டு மூன்று இருக்கும். அதுவே பதினான்கிலிருந்து இருபத்தொன்று. லேட்டாக வந்தவருக்கோ, நடுவில் கணினியை மூடித் திறந்தவருக்கோ இடமில்லை. “யாராவது இரண்டு பேருக்கு” என்று நீங்கள் சொல்வது சரிதான், தினமும் ஆள் மாறியிருக்கும்.

ஏழு கணினியும் மூன்று கைப்பேசியும் தனித்தனி சாதனங்கள்தான். ஆனால் ஆபீஸ் ரவுட்டரைத் தாண்டி வெளியே போகும்போது எல்லாம் ஒரே பொது ஐபியில்தான் போகின்றன. பயனர் பெயரும் ஒன்று. அதனால் சர்வர் கண்ணுக்கு நீங்கள் எல்லாரும் ஒரே ஆள். ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு: உங்கள் லைனிலும் மெயில் சர்வரிலும் ஐபிவி6 என்ற புது வகை ஐபி இருந்தால் ஒவ்வொரு கணினியும் தனி முகவரியோடு போகும், தனித்தனியாக எண்ணப்படும். ஒரு ஆபீஸில் புதுக் கணினிகள் மட்டும் ஒழுங்காக ஓடி, பழையவை மட்டும் தடுமாறினால் அங்கே பாருங்கள்.

இது என் ஊகமாகவே இருக்க வேண்டாம். பத்து நிமிடத்தில் நீங்களே சோதிக்கலாம். யாருக்கு மெயில் திறக்கவில்லையோ அந்த நேரத்தில் பாஸ் கைப்பேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் அதே மெயில்பாக்ஸைத் திறக்கச் சொல்லுங்கள். திறந்துவிட்டால் சர்வர் நன்றாக இருக்கிறது, பாஸ்வேர்டும் சரி. பிரச்சினை உங்கள் ஆபீஸ் ஐபியைச் சேர்ந்தது. உடனே ஆபீஸுக்குள்ளிருந்தே வேறு ஒரு மெயில்பாக்ஸை, கணக்குப் பிரிவு மெயில் ஏதாவது இருந்தால் அதை, திறந்து பாருங்கள். அதுவும் திறந்தால் பயனரும் ஐபியும் சேர்ந்த வரம்பு என்பது உறுதி. ஆபீஸிலிருந்து எந்த மெயில்பாக்ஸும் திறக்கவில்லை என்றால் கதை வேறு: ஃபயர்வால் உங்கள் ஐபியையே தடுத்திருக்கும், அல்லது பயனர் யார் என்று பார்க்காமல் ஐபியை மட்டும் எண்ணுகிற சர்வராக இருக்கும். பழைய கூரியர் ஐமேப் சர்வர்களில் அப்படி ஒரு வரம்பு உண்டு. மொபைல் டேட்டாவிலும் யாருக்கும் திறக்கவில்லை என்றால் சர்வர் மொத்தமுமே நிரம்பியிருக்கிறது அல்லது விழுந்து கிடக்கிறது. அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, ஹோஸ்டிங்காரர்தான் பார்க்க வேண்டும்.

தண்டர்பேர்ட் காட்டுகிற செய்தியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். “ஐமேப் சர்வரோடு இணைய முடியவில்லை, அதிகபட்ச கனெக்ஷன் எண்ணிக்கையைத் தாண்டியிருக்கலாம்” என்று ஒரு பெட்டி வரும். அதில் “இருக்கலாம்” என்பதுதான் முக்கியம். சர்வர் எந்தக் காரணத்துக்காக லைனை அறுத்தாலும் அதே பெட்டி வரக்கூடும். நம்ப வேண்டியது சர்வர் அனுப்பிய வாசகத்தை. “10” என்று எண்ணோடு வந்ததே, அது சர்வர் சொன்னது.

சரி, நிலையான ஐபி வந்த பிறகு ஏன் மோசமானது? இதைத்தான் உங்கள் கேள்வியில் மிகவும் ரசித்தேன், ஏனென்றால் காரணம் முதல் பார்வைக்குத் தெரியாது.

ஒரு கனெக்ஷன் இரண்டு விதமாக முடியலாம். தண்டர்பேர்டை மூடினால் அது சர்வரிடம் முறையாக விடைபெற்றுக்கொள்ளும், சர்வர் அந்த நொடியே எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்துவிடும். ஆனால் மத்தியானம் இடி மழை வந்து மின்சாரம் ட்ரிப் ஆனாலோ, யாராவது ரவுட்டரை ஆஃப் பண்ணிப் போட்டாலோ, லேப்டாப்பை அப்படியே மடித்துப் பையில் போட்டாலோ, விடைபெறுதல் எதுவும் நடக்காது. சர்வரைப் பொறுத்தவரை அந்தக் கனெக்ஷன் உயிரோடுதான் இருக்கிறது. ஐடிலில் காத்திருக்கிற கனெக்ஷனுக்கு டவ்காட் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை “இருக்கிறேன்” என்று ஒரு வரி அனுப்பும். பதில் வராவிட்டால் சர்வரில் ஓடுகிற லினக்ஸ் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, இயல்பு அமைப்பில் ஏறக்குறைய 15 நிமிடம் கழித்துத்தான் ஆள் இல்லை என்று முடிவு கட்டும். ஐடிலில் இல்லாமல் சும்மா கிடக்கிற கனெக்ஷனுக்கு 30 நிமிடம் வரை கெடு. அதுவரை அந்தச் செத்த கனெக்ஷன்கள் எல்லாம் உங்கள் பத்தில் இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

முன்பு உங்களிடம் இருந்தது மாறும் ஐபியாகத்தான் இருந்திருக்கும். ரவுட்டரைப் போட்டு எடுத்தால் பெரும்பாலும் புது ஐபி கிடைக்கும். சர்வர் அதைப் புது ஆளாகப் பார்த்துப் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கும். பழைய ஐபியில் கிடக்கிற செத்த கனெக்ஷன்கள் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. “ரவுட்டரை ஆஃப் பண்ணிப் போடு, சரியாகிவிடும்” என்ற வைத்தியம் அப்போது உண்மையிலேயே பலித்தது. இப்போது ஐபி நிலையானது. ரவுட்டர் திரும்பி வந்தாலும் அதே முகவரிதான். அங்கே பத்துச் செத்த கனெக்ஷன்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க, ஏழு கணினியும் ஒன்றாகக் கதவைத் தட்டுகின்றன. முன்பு இரண்டு பேருக்குத் திறக்காதது இப்போது ஏழு பேருக்குமே திறக்காது. பதறிப்போய் இன்னொரு முறை ரவுட்டரைப் போட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும். அரை மணி நேரம் கழித்துத் தானாகச் சரியாகும்போது கடைசியாக எதைத் தொட்டாரோ அதுதான் மருந்து என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். ஆகவே ரவுட்டரைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் எல்லாரும் தண்டர்பேர்டை மூடிவிட்டுத் தொடுங்கள்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று இருக்கிறது, பாஸ்வேர்ட். வரம்பு மீறியது உள்நுழையும் கட்டத்தில்தான் தெரிகிறது என்பதால் பல செயலிகள் அதை “உள்நுழைவு தோல்வி” என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்கும். அவசரத்தில் இருக்கிற கிளார்க் நாலு முறை தட்டிப் பார்ப்பார், ஐந்தாவது முறை பேனலுக்குப் போய்ப் பாஸ்வேர்டையே மாற்றிவிடுவார். அதோடு முடிந்தது. மற்ற ஆறு கணினியும் மூன்று கைப்பேசியும் பழைய பாஸ்வேர்டோடு நிமிடத்துக்கு நிமிடம் சர்வரைத் தட்டும். பல சர்வர்களில் ஃபெயில்டுபான் என்ற காவலாளி இருக்கும். அதன் இயல்பு அமைப்பு, 10 நிமிடத்துக்குள் 5 முறை தோற்றால் அந்த ஐபிக்கு 10 நிமிடம் தடை. ஹோஸ்டிங் கம்பெனிகள் இதை இன்னும் கடுமையாக வைத்திருப்பார்கள். இப்போது ஆபீஸ் முழுவதுக்கும் மெயில் இல்லை, சில இடங்களில் கம்பெனி வெப்சைட்டும் திறக்காது. தொடக்கத்தில் இருந்தது கனெக்ஷன் பிரச்சினை, இப்போது கையில் இருப்பது ஐபி தடை. இரண்டுக்கும் அறிகுறி வேறு: வரம்பு என்றால் சர்வர் பேசிவிட்டு மறுக்கும், தடை என்றால் பதிலே வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லது சட்டென்று மறுக்கப்படும். மொபைல் டேட்டாவில் பாஸ்வேர்ட் வேலை செய்கிற வரைக்கும் யாரும் பாஸ்வேர்டை மாற்றக் கூடாது என்று ஆபீஸில் சொல்லி வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. தண்டர்பேர்டில் கணக்கு அமைப்புக்குப் போய், சர்வர் அமைப்பில், அட்வான்ஸ்ட் என்ற பொத்தானை அழுத்துங்கள். சேமித்து வைக்கும் சர்வர் கனெக்ஷன்களின் அதிகபட்ச எண்ணிக்கை என்ற இடத்தில் 5 இருக்கும். 2 ஆக்கிவிட்டுத் தண்டர்பேர்டை மூடித் திறங்கள். ஏழு கணினியிலும் செய்ய வேண்டும், ஒன்றை விட்டால்கூட அது ஐந்து எடுக்கும். 1 வைத்தால் இன்னும் குறையுமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் 20 எம்பி அட்டாச்மென்ட் ஒன்று இறங்கும்வரை அந்தக் கணினியில் வேறு எந்த ஃபோல்டரும் அசையாது, நாளைக்கு “மெயில் ஸ்லோ” என்று வேறு புகார் வரும். 2தான் என் கணக்கு. கூடவே, துணை ஃபோல்டர்களில் புது மெயிலுக்காக எப்போதும் பார்க்கவும் என்று யாராவது டிக் போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஆனால் இது மட்டும் போதாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏழு இரண்டு பதினான்கு, கைப்பேசிகளைச் சேர்க்காமலேயே. பத்துக்குள் அடங்கவில்லை. குறைத்தால் நிம்மதி கொஞ்சம் கூடும், செத்த கனெக்ஷன்களின் கூட்டமும் குறையும், அவ்வளவுதான். மீதியை ஹோஸ்டிங்காரரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

“மெயில் வேலை செய்யவில்லை” என்று எழுதினால் பெரிய பேக்கேஜ் பதிலாக வரும். இப்படிக் கேளுங்கள்: “எங்கள் இந்த முகவரி, எங்கள் நிலையான ஐபி இது, இன்று காலை 9.10க்கு மறுக்கப்பட்டது. அந்த நேரத்து டவ்காட் லாக் (சர்வர் பதிவேடு) வரியை அனுப்புங்கள். பயனர்-ஐபி கனெக்ஷன் வரம்பு இப்போது எவ்வளவு? அதை 30 ஆக்க முடியுமா? பேக்கேஜ் மாறினால் இந்த எண் மாறுமா?” கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று எழுத்தில் பதில் வந்தால் அப்போது பேக்கேஜைப் பற்றி யோசிக்கலாம். நேரத்தைச் சொல்லும்போது மலேசிய நேரம் என்று குறிப்பிடுங்கள். லாக் உலக நேரத்தில் இருந்தால் உங்கள் காலை 9.10 அங்கே நள்ளிரவு 1.10. அவர்கள் தவறான மணியைத் தேடிவிட்டு “ஒன்றும் இல்லையே” என்பார்கள்.

பல வாடிக்கையாளர்கள் ஒரே சர்வரில் இருக்கிற ஷேர்ட் ஹோஸ்டிங்கில் அந்த எண் பெரும்பாலும் சர்வர் முழுவதுக்கும் பொது. சிபேனல் என்ற பேனல் என்றால் நிர்வாகியின் பக்கத்தில், மெயில்சர்வர் அமைப்பில் அது இருக்கும். உங்கள் பேனலில் தெரியாது. ஒரு வாடிக்கையாளருக்காக எல்லாருக்கும் கூட்ட அவர்கள் தயங்கலாம், அதில் நியாயமும் இருக்கிறது.

சொந்தமாக விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்) வைத்து மெயில் ஓட்டுகிறவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்குக் கொஞ்சம். டவ்காட்டின் நிர்வாகக் கட்டளையான டவ்அட்மினோடு “ஹூ” என்று சேர்த்து அடித்தால் இப்போது யார் யார், எத்தனை கனெக்ஷன், எந்தப் புரோட்டோகால், எந்த ஐபியிலிருந்து என்று வரிசையாகக் காட்டும். காலை எட்டரைக்கு ஒரு முறை, ஒன்பதரைக்கு ஒரு முறை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு முறை அடித்துப் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கும் ஆபீஸ் ஐபியில் ஐந்தாறு நின்றால் யாரோ கணினியை மூடாமல் போகிறார்கள். நீங்கள் கேள்வியே படாத வெளிநாட்டு ஐபி ஒன்று தெரிந்தால் உடனே ஹேக்கர் என்று கத்த வேண்டாம். கைப்பேசி அவுட்லுக்கும் புதிய அவுட்லுக்கும் ஐமேப் கணக்கை மைக்ரோசாஃப்ட் கிளவுட் வழியாகத்தான் எடுக்கின்றன, கனெக்ஷன் அவர்கள் சர்வரிலிருந்து வரும். அந்த ஐபி யாருடையது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உண்மையிலேயே அடையாளம் தெரியாதது என்றால், வேலையை விட்டுப் போனவரின் கைப்பேசியில் மெயில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். பொதுப் பாஸ்வேர்ட் வைத்த ஆபீஸ்களில் அடிக்கடி பார்ப்பது இது. செத்த கனெக்ஷன்களைத் துரத்த அதே டவ்அட்மினில் “கிக்” இருக்கிறது, பயனர் பெயரைக் கொடுத்தால் போதும்.

வரம்பைக் கூட்டுவது ஒரு வரி வேலை, ஐமேப் புரோட்டோகால் பகுதியில் அந்த எண்ணை மாற்றி டவ்காட்டை ரீலோட் செய்ய வேண்டியதுதான். ஆனால் 500 என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஏதாவது ஒரு செயலி பித்துப் பிடித்துக் கனெக்ஷனாகத் திறந்துகொண்டே போனால் அதை நிறுத்துவதற்குத்தான் அந்த எண் இருக்கிறது. தேவையைப் போல ஒன்றரை மடங்கு போதும். கூட்டிய பிறகு இரண்டு இடத்தைக் கவனியுங்கள். ஐமேப் லாகின் சேவை இயல்பாக ஒரு கனெக்ஷனுக்கு ஒரு பிராசஸ் என்ற முறையில் ஓடும், அதற்கு உச்சம் 100. எஸ்எஸ்எல் கனெக்ஷன்கள் நூறைத் தொட்டால் பிராசஸ் வரம்பு எட்டிவிட்டது, கனெக்ஷன்கள் கைவிடப்படுகின்றன என்று லாகில் எச்சரிக்கை வரும். அப்போது சர்வீஸ் கவுண்ட் என்பதைப் பூஜ்யமாக்கினால் ஒரே பிராசஸ் பல பேரைக் கவனிக்கும். இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. மெயில்பாக்ஸ்கள் எல்லாம் ஒரே லினக்ஸ் பயனரின் கீழ் இருந்தால், ஐடிலில் இருக்கிற ஒவ்வொரு கனெக்ஷனும் கோப்பு மாறினால் தெரிவிக்கிற கெர்னலின் இன்ஓட்டிஃபை வசதியில் ஒன்றை எடுக்கும். பல லினக்ஸ் சர்வர்களில் அதன் இயல்பு வரம்பு 128. அது தீர்ந்தால் யாருக்கும் பிழை வராது, மெயில் மட்டும் தாமதமாக எட்டிப் பார்க்கும். “மெயில் கொஞ்சம் லேட்டா வருது” என்ற புகாருக்கு இந்த மூலையைத் தேடுகிறவர்கள் குறைவு.

உங்கள் ஆபீஸுக்குத் திரும்புகிறேன். வரம்பு கூடினாலும் கூடாவிட்டாலும், ஒரே மெயில்பாக்ஸில் ஏழு பேர் என்ற அமைப்பை நான் விட்டுவைக்க மாட்டேன். ஃபார்வர்டிங் வேலை இயல்பாகவே பிரிந்துதான் கிடக்கிறது. இறக்குமதிக்கு ஒரு மெயில்பாக்ஸ், ஏற்றுமதிக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று மூன்றாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பேர். ஆளுக்கு இரண்டு கனெக்ஷன் என்றால் ஆறு, ஒரு கைப்பேசி இன்னும் இரண்டு எடுத்தாலும் எட்டு. ஒவ்வொரு பயனர் பெயருக்கும் தனி எண்ணிக்கை என்பதால், சர்வரில் யாரும் எதையும் மாற்றாமலேயே பத்துக்குள் அடங்கிவிடும். இருக்கிற பேக்கேஜிலேயே செய்யலாம். ஷிப்பிங் லைன்களுக்கும் ஏஜென்ட்டுகளுக்கும் கொடுத்த பழைய முகவரியை மாற்ற வேண்டாம். அது அப்படியே மெயில் வாங்கட்டும், சர்வரிலேயே ஃபில்டர் போட்டு அரைவல் நோட்டீஸ் இறக்குமதிக்கும் புக்கிங் உறுதி ஏற்றுமதிக்கும் போகும்படி செய்துவிடலாம். ஃபில்டருக்குப் பிடிபடாமல் மிஞ்சுவதைப் பார்க்க ஒருவர் போதும்.

ஹோஸ்டிங்காரர் பகிர்ந்த ஃபோல்டர் வசதி தருகிறாரா என்றும் கேட்டு வையுங்கள். ஆளுக்கு ஒரு கணக்கு, பொது மெயில் எல்லாருக்கும் ஒரு ஃபோல்டராகத் தெரியும் என்ற ஏற்பாடு டவ்காட்டில் முடியும், ஆனால் எல்லா ஹோஸ்டிங்கிலும் திறந்து வைத்திருக்க மாட்டார்கள். கிடைத்தால் அதுதான் சிறந்தது: ஒருவர் வேலையை விட்டால் அவர் கணக்கை மட்டும் மூடலாம், கன்டெய்னர் டெமரேஜில் (தாமதக் கட்டணத்தில்) மாட்டியபோது அந்த மெயிலுக்குப் பதில் போட்டது யார் என்பதும் தெரியும்.

யாராவது “பாப்3க்கு மாற்றிவிடு, கனெக்ஷன் திறந்தே கிடக்காது” என்று சொன்னால் கேட்காதீர்கள். கனெக்ஷன் திறந்தே கிடக்காது என்பது உண்மைதான், மெயிலை இறக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் ஒரு கணினி இறக்கிவிட்டு சர்வரில் அழித்துவிட்டால் மற்ற ஆறு பேருக்கும் அந்த மெயில் இல்லை. அழிக்காமல் வைத்தாலும் யார் பதில் போட்டார் என்று மற்றவருக்குத் தெரியாது. உங்கள் வேலைக்கு அது ஆகாது. ஜிமெயிலுக்கு மாறினால் வரம்பே இல்லை என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் கனெக்ஷன், எந்த ஐபியிலிருந்து வந்தாலும் சேர்த்து. ஏழு தண்டர்பேர்டும் பாஸ் கைப்பேசியும் அதையும் நிரப்பிவிடும், மொபைல் டேட்டாவுக்கு மாறித் தப்பிக்கும் வழிகூட அங்கே இல்லை.

இன்று சாயங்காலம் ஏழு கணினியிலும் அந்த 5ஐ 2 ஆக்குங்கள், நாளைக் காலை பாஸை வைஃபை இல்லாமல் மெயில் பார்க்கச் சொல்லுங்கள், ஹோஸ்டிங்காரருக்கு மேலே சொன்ன நாலு கேள்வியை அனுப்புங்கள். அவர் அனுப்புகிற லாக் வரியை, முகவரியை மறைத்துவிட்டு, இங்கே போடுங்கள் தம்பி. அதில் ஐமேப் லாகின் என்று இருக்கிறதா, பிராசஸ் வரம்பு என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்து அடுத்தது சொல்கிறேன்.